எனதா, எனக்கா?

வேதாரண்யம் என்றவுடன் பலருக்கும் உப்பே நினைவுக்கு வரும். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் போகிறவர்கள், கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகளையும் வெயிலில் மின்னும் வெண்மைக் குவியல்களையும் காண்பார்கள். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட ஏறத்தாழ 100 தொண்டர்கள், 150 மைல் தொலைவை நடந்தே கடந்து வந்தனர். அம்மாதம் 30ஆம் நாள் இக்கரையில்தான் சட்டத்தை மீறி உப்பு அள்ளினர். அந்தப் பிடி உப்புக்குள் ஒரு வினா இருந்தது. கடல் தருவதை, வெயில் விளைவிப்பதை, ஓர் அரசு 'என்னுடையது' என்று சொல்லலாமா?

அரசைப் பார்த்து இவ்வினாவைக் கேட்பது ஒரு வகையில் எளிது. நம் வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொள்வதுதான் கடினம். 'என் பிள்ளை', 'என் மனைவி', 'என் மருமகள்' என்று நாள் முழுதும் சொல்கிறோம். 'என் குடை', 'என் பெட்டி' என்று சொல்லும்போதும் அதே 'என்'தான். இரண்டும் ஒன்றா என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரமிருப்பதில்லை. நம்மை நிறுத்தி வைத்து எண்ணச் செய்கிறவை நல்ல சிறுகதைகள். அறிவுரை சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளும் நாம், கதை என்றால் காது கொடுக்கிறோம் அல்லவா?

முதலில் மண்ணைப் பற்றிய கதை ஒன்று. மலையாளப் பேரெழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் 'பூமியின் வாரிசுகள்' எனப் பொருள்படும் தலைப்பில் 1977இல் வெளியிட்டது அது. ஒருவர் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்குகிறார்; வேலியடைத்துத் தம்முடையது என்று மகிழ்கிறார். ஆனால் பறவைகளும், பாம்புகளும், இளநீரைக் குடித்துவிட்டுப் போகும் வௌவால்களும் அந்தப் பத்திரத்தைப் படித்ததாகத் தெரியவில்லை! அவற்றைக் கொல்ல வேண்டும் என்று வீட்டில் குரல் எழுகிறது. அவையும் இந்தப் பூமியின் வாரிசுகளே என்கிறார் அவர். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. படித்து முடித்த பின் நம் வேலியை நாமே ஐயத்துடன் பார்க்கிறோம்.

வேதாரண்யம் வட்டாரத்தார்க்கு இக்கதையின் உண்மையை விளக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இக்கரையைக் கடந்தபோது, தலைமுறையாக வளர்த்த தென்னையும் மாவும் ஒரே இரவில் சாய்ந்தன. விடிந்து பார்த்தால் பட்டாவில் பெயர் இருந்தது, தோப்பு இல்லை.

மரம் போனால் வேறு மரம் நடலாம். மனிதரை மரம்போல் வேலியடைத்து வளர்க்கிறவர்கள் என்ன செய்வது? இவ்விடத்தில் நமக்குத் துணைவருவது 1892இல் தாகூர் எழுதிய 'காபூலிவாலா'. கல்கத்தாத் தெருக்களில் உலர்ந்த பழங்கள் விற்கும் ரஹ்மத், மினி என்னும் ஐந்து வயதுச் சிறுமியுடன் தோழமை கொள்கிறான். ஒரு குற்றத்துக்காகச் சிறை சென்று, பல்லாண்டுகள் கழித்து மீள்கிறான். அன்று மினிக்குத் திருமணம். வேண்டாத விருந்தாளியை அனுப்பிவிடவே தந்தை முயல்கிறார். அப்போது ரஹ்மத் தன் சட்டைக்குள்ளிருந்து ஓர் அழுக்குத் தாளை எடுத்து விரிக்கிறான். அதில் ஒரு சிறு கையின் மசித் தடம். ஊரில் விட்டுவந்த அவன் மகளின் கை அது. 'என் மகள்' என்று அதுவரை கதவை மூடி நின்ற தந்தை, தம்மைப் போலவே இவனும் ஒரு தந்தை என்பதை அக்கணம் உணர்கிறார். திருமண விளக்குகளையும் வாத்தியங்களையும் குறைத்து, அப்பணத்தை அவன் ஊர் திரும்பக் கொடுக்கிறார்.

வேதாரண்யத்தை அடுத்த தோப்புத்துறையில், நம் உறவினர் இல்லமொன்றில், மஃரிபுக்குப் பின் இக்கதையை வாசித்துச் சொல்ல நேர்ந்தது. அவ்வீட்டு மகன் சபர் போயிருந்தார். மருமகளையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள ஏற்பாடுகள் முடிந்துவிட்டன. ஆயினும் பயணம் மாதக் கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. காரணம், பாஸ்போர்ட் மாமியாரின் பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. கொடுங்கோன்மை என்று இதைச் சொல்லிவிட முடியாது. மருமகளுக்குத் தலைவலி என்றால் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் மாமியார் அவர்.

கதை முடிந்ததும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அம்மூதாட்டி சொன்னார்: "அந்தக் காபூல்காரன் கையிலே இருந்தது வெறும் மசிதானே, தம்பி. புள்ள இல்லையே."

"புள்ள ஊர்ல இருந்துச்சே, மாமி" என்றார் மருமகள், தலை நிமிராமல்.

"இவ இங்கே இருந்தாத்தான் தம்பி, அவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவான். இவளும் போயிட்டா அவன் எதுக்கு வருவான்?"

அச்சொற்களைக் கேட்டு நாம் திடுக்குற்றோம். நம் இல்லங்களில் 'அமானிதம்' என்றொரு சொல் வழங்குகிறது. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். பழுதின்றித் திருப்பித் தர வேண்டிய பொருள். 'அடகு' என்றும் ஒரு சொல் உண்டு. அதுவும் பிறர் பொருள்தான். ஆனால் கடன் தீரும் வரை விடமாட்டோம் என்று பிடித்து வைத்திருப்பது. ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைக்கலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அன்பு மிகுந்த அந்த வீட்டில், அமானிதமாக வந்த பெண் அடகுப் பொருளாக மாறியிருந்தாள். மாற்றியவருக்கே அது தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்துச் சாவி இடுப்பிலிருந்து இறங்கியது. கதையால்தான் இறங்கியது என்று நாம் பெருமை கொள்ள மாட்டோம். மகனின் மன்றாட்டும், ஊர்ப் பெரியவர் ஒருவரின் இதமான பேச்சும் சேர்ந்தே அதைச் செய்தன. கொடுத்த பின் அத்தாய் மகிழ்ந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். வாசலில் நின்று வண்டி மறையும் வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து நெடுநேரம் அழுதார். பெட்டியைத் திறந்து கொடுத்தவர் அவரே என்பதும் உண்மை.

பெண்களை மட்டும் குறை சொல்லி நகர்ந்துவிட ஆண்களுக்கு உரிமையில்லை. தோப்பில் முகம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' சிறுகதை அன்று, நாவல். 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதில் வரும் முஸ்தபாக்கண்ணு, சவ்தா மன்ஸில் என்னும் பழைய வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். பொருள்கள் கைவிட்டுப் போகப் போக, மனைவியின்மீது காட்டும் அதிகாரத்தை மட்டும் விடாமல் பற்றுகிறார். உடைமை தேய்ந்தவன் உறவை உடைமையாக்கிக்கொள்ளும் கொடுமையை அந்நாவல் போல் காட்டியவை சிலவே.

அப்படியானால் 'என்' என்ற சொல்லே தீதா? இல்லை. தஞ்சை மண்ணின் எழுத்தாளர் தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' அதற்கு விடை சொல்கிறது. இரயிலில் ஒரு சிறுவன் ஆரஞ்சுப் பழம் ஒன்றை ஆசையோடு பொத்தி வைத்திருக்கிறான். அதே பெட்டியில் ஒரு சிறுமி, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். 'என் பெண்' என்று சொல்லி அவளை நிறுத்திக்கொள்ள வல்லவர் யாருமில்லை. சிறுவன் தன் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான், அவ்வளவே கதை. 'என்' என்று சொல்ல ஆளில்லாத குழந்தை எவ்வளவு தனியாள் என்பதை நினைக்க நெஞ்சு நடுங்குகிறது. அந்தத் தனிமையைத் தீர்ப்பதோ, தனது என்று பொத்தி வைத்ததை ஒருவன் கை திறந்து கொடுக்கும் செயல்!

இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்க நமக்கு உதவுவது, எதிர்பாராத வகையில், இலக்கணம். உடைமையைச் சொல்வது ஆறாம் வேற்றுமை. 'அது' என்பது அதன் உருபு. ஆனால் உயர்திணைத் தொகையை விரிக்கும்போது அவ்வுருபு கெட்டு, அவ்விடத்தில் 'கு' வரும் என்கிறது தொல்காப்பியம். 'நம்பிமகன்' என்பதை 'நம்பியது மகன்' என்று விரித்தல் கூடாது. 'நம்பிக்கு மகன்' என்றே விரித்தல் வேண்டும். 'கு' என்பது நான்காம் வேற்றுமை உருபு. அவ்வேற்றுமைக்கு நன்னூல் அடுக்கும் பொருள்களுள் முதலாவது கொடை. முறை என்னும் உறவும் அங்கேதான் இடம்பெறுகிறது. நிலமும் குடையும் உடைமையின் வேற்றுமையில் நிற்க, மகனும் மகளும் கொடையின் வேற்றுமையில் நிற்கிறார்கள். பகையும் அதே வரிசையில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். கொடுக்க மறுத்த உறவு எங்கே போய் முடியும் என்பதை நாம் குடும்பங்களில் கண்டிருக்கிறோம்.

இன்றைய வழக்கில் 'என்னுடைய மகன்' என்று சொல்வதைத் தவிர்க்க முடியாதிருக்கலாம், நாவுக்குப் பழகிவிட்டது. உள்ளத்திலாவது அதை 'எனக்கு மகன்' என்று விரித்துக்கொள்வோம். எனக்கு அருளப்பட்டவன்; என்னிடம் ஒப்படைக்கப்பட்டவன்; ஒருநாள் நானே வழியனுப்ப வேண்டியவன். பெற்றோரே, கணவன்மாரே, மாமியாரே! நம் பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்ப்போம். உள்ளே இருப்பது அமானிதமா, அடகா என்பதைச் சாவி வைத்திருப்பவர்தாம் சொல்ல முடியும்.