வடலூரில் ஒரு வாடகை வீடு

நெய்வேலி என்எல்சியில் நிரந்தர வேலை என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலருக்கு வெளியில்தான் வீடு. அப்படி வடலூரில் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். "சின்ன ஊர்தானே, வாடகை கம்மியாத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆற்றாமையாக வருகிறது. சென்னையைவிடக் குறைவுதான். சம்பளமும் குறைவாயிற்றே!

வாடகையோடு முடிவதும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சப்-மீட்டர். மாதம் பிறந்ததும் ஓனர் டார்ச் அடித்துப் பார்த்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதுவார். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் அந்த நோட்டில் எங்குமே வராது. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகை பிடித்தம் வேறு.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியவும் வேண்டும். எங்கள் தெருவில் எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

பசித்தவருக்காக 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிற ஊர் இது. வீட்டு ஓனர்களே, இபி பில்லில் வருவதை மட்டும் வாங்குங்கள். குடியிருப்பவர்களே, எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.