ஏரிக்கரைக்கு எந்தத் தூண்டில்?

கோடை நெருங்கும்போது எம்மவர் பலர் எம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பாஸ் பிடிக்க எந்தக் கம்பு நல்லது? எந்த றீல் வாங்கலாம்?" என்பதே அது. கேள்வி சிறிதெனினும் அதற்கான விடை எளிதன்று. கடைக்குச் சென்றால் சுவர் நிறையக் கம்புகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இருபது டொலருக்கும் கம்புண்டு. பல நூறு டொலருக்கும் கம்புண்டு. விற்பனையாளரின் ஆங்கிலம் விளங்கினாலும் அவர் சொல்லும் பொருள் விளங்குவதில்லை. இரண்டு வேலை செய்து, வாடகையும் கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பும் குடும்பங்கள் எமது குடும்பங்கள். அவற்றின் பணம் வீணாகக்கூடாது என்ற எண்ணத்துடனேயே இக்குறிப்புகளை எழுதுகின்றோம்.

மீன்பிடி எமக்குப் புதிதன்று. கரைவலையும் வீச்சுவலையும் களங்கட்டியும் கைத்தூண்டிலும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் எமது கரைகளில் அது தொழில். உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழில். பொழுதுபோக்காக மீனைப் பிடிப்பதும், பிடித்த மீனைத் திரும்ப நீரிலே விடுவதும் எம்மில் மூத்தவர்களுக்கு விளங்காத காரியங்கள்.

எமது பெரியப்பா மயிலிட்டிக் கடலிலே நாற்பது ஆண்டுகள் தொழில் செய்தவர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தவர், ஆறு ஆண்டுகளின் பின்னர் ரொறன்ரோவில் எமது வீட்டிற்கு வந்து சேர்ந்தார். பதினோராம் மாடியின் யன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாகனங்களைப் பார்த்தபடி இருப்பார். எமது மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்குத் தெரிந்த தமிழும் பெரியப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஓர் உரையாடலுக்குப் போதாதவை. ஒரே வீட்டில் இருந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசாமலே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அவர்கள் இருவரையும் ஏரிக்கரையில் ஒன்றாக இருத்தலாம் என்ற நோக்கத்திலேயே நாம் கம்பு வாங்கப் புறப்பட்டோம். ஆகவே எமது தெரிவு எந்த மீனுக்கு என்பதோடு எந்தக் கைக்கு என்பதையும் பொறுத்ததாயிற்று. கம்பு தெரிவு செய்வோர் யாவரும் இவ்விரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்குதல் நன்று.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பாஸ் என்றதும் எமது கொடுவாவை எண்ணுவோர் உளர். கடைகளில் கொடுவாவும் ஆங்கிலத்தில் அப்பெயரோடு விற்கப்படுவதே இதற்குக் காரணம். ஆனால் கனடிய ஏரிகளில் உள்ள பாஸ் வேறு குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். அதிலே இரு வகை முக்கியமானவை. பெரிய வாய்ப் பாஸின் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னே செல்லும். உடலின் பக்கவாட்டில் கருங்கோடு ஓடும். சிறிய வாய்ப் பாஸின் தாடை கண்ணைத் தாண்டாது. வெண்கல நிற உடலில் கோடுகள் மேலிருந்து கீழாக இருக்கும். முன்னது ஸ்கூகொக் ஏரி போன்ற ஆழங்குறைந்த, நீர்ச்செடிகள் மண்டிய இடங்களை விரும்பும். பின்னது சிம்கோ ஏரி போன்ற தெளிந்த நீரையும் கற்பாங்கான அடித்தளத்தையும் நாடும். செடிகளுக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்கத் தடித்த நூலும் விறைப்பான கம்பும் வேண்டும். தெளிந்த நீரிலோ மெல்லிய நூலும் இளகிய கம்பும் போதும்.

இனிக் கம்பு. ஒவ்வொரு கம்பிலும் பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் சில விபரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படிக்கத் தெரிந்தால் விற்பனையாளரிடம் எதுவும் கேட்கவேண்டியதில்லை. முதலாவது நீளம். நீண்ட கம்பு தூர எறியும். குறுகிய கம்பு கரையோர மரக்கிளைகளுக்கிடையே இலகுவாக நிற்கும். பாஸுக்கு ஆறு அடியிலிருந்து ஏழு அடி வரை பொதுவானது. இரண்டாவது வலிமை. லைற், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி எனக் குறிக்கப்படும் இது, கம்பை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் காட்டுகின்றது. மூன்றாவது வளையும் இடம். பாஸ்ற் என்று எழுதியிருந்தால் கம்பின் நுனிப்பகுதி மட்டுமே வளையும். மொடறேற் என்றால் நடுவரை வளையும். ஸ்லோ என்றால் அடிவரை வளையும். நுனி மட்டும் வளையும் கம்பில் மீன் கடிப்பது கைக்கு உடனே தெரியும். முள்ளும் விரைவாக ஏறும். இவற்றோடு, எத்தனை இறாத்தல் நூலுக்கும் எத்தனை அவுன்ஸ் இரைக்கும் அக்கம்பு ஏற்றது என்பதும் எழுதப்பட்டிருக்கும். இவ்வெல்லையை மீறினால் கம்பு முறியும், அல்லது இரை எறிபடாது.

அடுத்தது கம்பு செய்யப்பட்ட பொருள். பைபர்கிளாஸ் கம்பு பாரமானது. ஆனால் அடிபட்டாலும் தாங்கும். 1970களில் சந்தைக்கு வந்த கிராபைற் கம்பு இலேசானது. மீனின் மெல்லிய கொத்தலையும் கைக்குச் சொல்லும். ஆனால் கல்லில் மோதினால் முறியும். சிறுவர் கையில் பைபர்கிளாஸைக் கொடுப்பதே உசிதம். ஓர் எச்சரிக்கை: கிராபைற் மின்சாரத்தைக் கடத்தும். இடி முழங்கும்போதும், மின்கம்பிகளுக்குக் கீழேயும் அக்கம்பை உயர்த்திப் பிடித்தல் ஆபத்து.

றீல்களில் மூன்று வகையுண்டு. முதலாவது, மூடிய முகமுடைய ஸ்பின்காஸ்ற் றீல். பெருவிரலால் பொத்தானை அழுத்தி, எறியும்போது விட்டால் நூல் தானாக ஓடும். இதன் வரலாறு வேடிக்கையானது. அமெரிக்காவின் துல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்கான குண்டுகளைச் செய்துவந்த ஸீரோ அவர் பொம் என்ற கம்பனி, ஆர். டி. ஹல் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளியின் யோசனையை ஏற்று 1949 இல் இவ்வகை றீலைச் செய்தது. இன்று கடைகளில் காணப்படும் ஸெப்கோ என்ற பெயர் அக்கம்பனிப் பெயரின் சுருக்கமே. குண்டு செய்த கம்பனி பிள்ளைகளுக்குத் தூண்டில் செய்யத் தொடங்கிய கதையைக் கேட்ட பெரியப்பா, "எல்லாக் கொம்பனியும் இப்பிடி மாறினா நல்லம்" என்றார்.

இரண்டாவது ஸ்பின்னிங் றீல். இது கம்பின் கீழே தொங்கும். நூலுருளை சுழலாது, அதனைச் சுற்றி ஒரு கம்பி வளைவு சுழன்று நூலைச் சுற்றும். கால் அவுன்ஸுக்குக் குறைந்த இரைகளையும், ஆறு முதல் பத்து இறாத்தல் நூலையும் இது நன்கு கையாளும். கைபிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிப் பூட்டலாம்.

மூன்றாவது பெயிற்காஸ்ரிங் றீல். இது கம்பின் மேலே அமரும். எறியும்போது உருளையே சுழலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ரக்கியின் பாரிஸ் என்ற ஊரில் வாழ்ந்த ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளியே இவ்வகையின் முன்னோடி எனப்படுகின்றார். தடித்த நூலுக்கும் பாரமான இரைக்கும் இதற்கு இணையில்லை. ஆனால் இரை நீரைத் தொடும் கணத்தில் பெருவிரலால் உருளையைத் தடுக்காவிட்டால் நூல் சிக்குண்டு கூடாகிவிடும். குருவிக்கூடு என்றே இங்குள்ளவர்களும் அதனை அழைக்கின்றனர். இது பழக்கத்தினால் மட்டுமே கைவருவது. முதற்கோடையிலேயே இதனை வாங்குவோர் ஏரிக்கரையில் சிக்கெடுத்தே பொழுதைப் போக்குவர்.

எந்த றீலாயினும் அதிலே ட்ராக் என்றொரு திருகுண்டு. பெரிய மீன் இழுக்கும்போது நூல் அறுந்துவிடாமல் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது அதுவே. நூலின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு இழுவிசைக்கு நூல் இளகுமாறு திருகை அமைத்தல் பொதுவான முறை. கைத்தூண்டிலில் இவ்வேலையைச் செய்தது மனிதனின் உள்ளங்கை. பெரியப்பாவின் உள்ளங்கையில் அதற்கான தழும்புகள் இருந்தன.

அந்நாளில் எமது தெரிவு இவ்வாறு அமைந்தது. மகனுக்கு ஐந்தரை அடி பைபர்கிளாஸ் கம்பும் பொத்தான் றீலும். எமக்கு ஆறரை அடி மீடியம் கிராபைற் கம்பும் ஸ்பின்னிங் றீலும். பெரியப்பாவுக்குப் பொத்தான் றீலே இலகு என எண்ணியிருந்தோம். அவரோ கடையிலேயே ஸ்பின்னிங் றீலைக் கையிலெடுத்துப் பார்த்து, கம்பி வளைவைத் திறந்து, நூலைச் சுட்டுவிரலில் மாட்டிக்கொண்டார். "தம்பி, நூல் விரலிலை கிடக்கவேணும். மீன் என்ன நினைக்குதெண்டு விரலுக்குத்தான் தெரியும்" என்றார். மூடிய றீலில் நூல் விரலுக்கு எட்டாது. கம்பையும் றீலையும் முதன்முதலாகத் தொட்ட மனிதர், ஒரு நிமிடத்தில் தமக்கேற்றதைக் கண்டுகொண்டார். கம்பு வாங்குவோர் கடையில் அதனைக் கையிலெடுத்துப் பார்த்தல் எத்துணை அவசியம் என்பதை அன்று அறிந்தோம்.

அக்கோடையில் பெரியப்பா எமது மகனுக்குக் கற்பித்தவை பல. தங்கூசியில் முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்கவேண்டும். நனைக்காவிட்டால் உராய்வின் சூட்டில் நூல் பலமிழக்கும். இன்றும் அம்முறையே சரியானது. இன்று நைலோன் தங்கூசியோடு, நீரில் எளிதிற் புலப்படாத புளோரோகாபன் நூலும், மிக மெல்லிதாயினும் பலமான பின்னல் நூலும் கிடைக்கின்றன. தொடங்குவோர்க்கு எட்டு இறாத்தல் நைலோனே போதும். விலையும் குறைவு, முடிச்சும் இலகு. முள், ஈயம், மிதப்பு, தங்கூசி, கச்சான், சோளகம் என எத்தனையோ சொற்கள் எமது மகனின் வாயில் அக்கோடையிலேயே ஏறின. ஞாயிறு வகுப்பில் ஏறாத தமிழ் அவை. அவன் எறிந்த இரை தூரம் போனால் கிழவர் சிரிப்பார். அவர் சிரித்ததை இந்நாட்டில் நாம் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

பணத்தைப் பற்றியும் கூறவேண்டும். கம்பும் றீலும் ஒன்றாகப் பூட்டி விற்கப்படும் தொகுதி, நூறு டொலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். வாங்குமுன் மூன்றைச் சோதியுங்கள். சிறிது பஞ்சை எடுத்துக் கம்பின் வளையங்களுக்குள் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் அவ்வளையத்தில் வெடிப்புண்டு, அது நூலை அறுக்கும். றீலுக்குச் சற்று முன்னே ஒரு விரலில் கம்பைத் தாங்குங்கள். நுனி தாழாமல் நின்றால் கை வலிக்காது. கைபிடியைச் சுற்றுங்கள், கரகரவென்ற ஓசை வருமானால் வேண்டாம். இரு துண்டாகக் கழற்றக்கூடிய கம்பு, பிள்ளைகளோடு நிறைந்த வாகனத்திற்கும் பேருந்துக்கும் ஏற்றது.

கருவியைவிட முக்கியமானது சட்டம். பதினெட்டு முதல் அறுபத்து நான்கு வயது வரையானோர் ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதிப்பத்திரம் வைத்திருத்தல் வேண்டும். கனடாவில் வசிக்கும் சிறுவர்க்கும் அறுபத்தைந்து வயதினர்க்கும் மேற்பட்டோர்க்கும் அது தேவையில்லை. எனினும் அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்நிலைகளில் பாஸ் காலம் ஜூன் மாதத்தின் பிற்பகுதியிலேயே தொடங்குகின்றது. நாளும் எண்ணிக்கையும் வலயத்திற்கு வலயம் வேறுபடுவதால், மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இக்கட்டுப்பாட்டிற்கு நியாயமான காரணமுண்டு. வசந்தத்தில் பெண் மீன் முட்டையிட்டு அகன்றபின், ஆண் மீனே கூட்டைக் காவல் செய்கின்றது. அதனைப் பிடித்தெடுத்தால் ஏனைய மீன்கள் வந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் விரைவில் தின்றுவிடும். தகப்பனைப் பறித்தால் வீடே அழியும் என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சட்டத்தை அறிந்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிம்கோ ஏரிப் பகுதியிலும் வேறிடங்களிலும் ஆசிய வம்சாவளி மீன்பிடிப்பாளர்கள் தாக்கப்பட்டதையடுத்து, 2007 இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு ஒரு விசாரணையைத் தொடங்கியது. நீருக்குள் தள்ளப்பட்டவர்களும் இருந்தனர். இவர்கள் விதிகளை மீறி மீன்பிடிக்கின்றனர் என்ற பேச்சு அத்தாக்குதல்களுக்குச் சாக்காயிற்று. எந்தச் சாக்கும் அச்செயலை நியாயப்படுத்தாது. எனினும் அனுமதிப்பத்திரம் கையிலும் விதிகள் மனத்திலும் இருப்பின், அக்கரையில் தலைநிமிர்ந்து நிற்க எமக்கு இயலும். ஒருவர் அச்சுறுத்தினால் வாதிடாமல் விலகி, உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள். முறைப்பாடு செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

கறிக்கு மீன் கொண்டுவருவோர், பெரிய மீனை விட்டுச் சிறியதை எடுங்கள். வயது முதிர்ந்த பெரிய மீனிலேயே பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எந்த ஏரியின் மீனை மாதத்திற்கு எத்தனை தடவை உண்ணலாம் என்பதை மாகாண அரசின் வழிகாட்டி கூறுகின்றது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்க்கும் அதிலே தனி அளவுண்டு.

பெரியப்பா 2009 இல் காலமானார். மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது 2017 ஜூலையில். அச்செய்தியை அவருக்குச் சொல்ல முடியவில்லை. அவரது றீல் இன்று எமது மகனிடம் இருக்கின்றது. ஒவ்வொரு கோடையின் முடிவிலும் அதனைக் கழற்றித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுகின்றான். ட்ராக் திருகைத் தளர்த்தி வைக்கின்றான். இவ்விரண்டையும் செய்தால் எந்த றீலும் பல்லாண்டு உழைக்கும்.

எமது வீடுகளிலே யன்னலருகே அமர்ந்திருக்கும் முதியவர்கள் இன்னும் உளர். அவர்களோடு பேச மொழியின்றி நிற்கும் பிள்ளைகளும் உளர். இக்கோடையில் கம்பு வாங்குவோர் விலையுயர்ந்த ஒன்றை வாங்காமல், அப்பணத்தில் எளிய இரண்டை வாங்குங்கள். ஒன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள். மற்றையதை முதியவரின் கையில் கொடுத்து, நூல் அவரது விரலில் கிடக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.