ஈளையும் தூதும்

1729-ஆம் ஆண்டில் ஃபுளோரன்ஸ் நகரத்துக் குருவும் தாவர நூல் வல்லாருமான மிக்கேலி என்பார், ஒரு பூஞ்சையின் தலை தீர்த்தந் தெளிக்குங் கருவியை ஒத்திருத்தல் கண்டு, அக்கருவியின் இலத்தீன் பெயர்வழியே அதற்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பெயரிட்டார். எம் சபையில் தீர்த்தந் தெளிக்கும் வழக்கமில்லை; எனினும் பெயர் பொருத்தமானதென்றே சொல்வோம். தெளிப்பது நீரன்று, வித்து. மக்கிய வைக்கோலிலும் ஈரச் சுவரிலும் எருக்குழியிலும் வளரும் இதன் வித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் இரண்டு மூன்று கூறே பருமனுடையது. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் அதனை மூச்சோடு உள்வாங்குகின்றோம். பெரும்பாலார்க்கு ஒன்றும் நேர்வதில்லை.

எம் தமக்கையார்க்கு நேர்ந்தது. இளமை தொட்டு ஈளை நோயுடைய அவர், பழுப்பு நிறக் கோழையைக் கட்டி கட்டியாக உமிழத் தொடங்கினார். மார்பின் எக்ஸ் கதிர்ப் படத்தில் நிழல் தோன்றவே, கோழையில் கிருமி காணப்படாதிருந்தும், க்ஷயமென்றே கொண்டு ஆறு மாதம் மருந்தூட்டினர். நம் நாட்டில் இவ்விரு நோய்களும் இங்ஙனம் மயங்குதல் அரிதன்று. மருந்தினுங் கொடியதாயிற்று அப்பெயர். அவர்க்கெனத் தனித் தட்டுங் குவளையும் வைக்கப்பட்டன. முடிவாகியிருந்த மணப்பேச்சும் நின்றது. பின்னர் வேறொரு மருத்துவர், 1966-இல் கண்டறியப்பட்ட ஐஜிஈ என்னும் எதிர்ப்பொருளைக் குருதியில் அளந்து பார்த்தார். 500 அலகு இருப்பினே இந்நோய் கருதப்படும். அவர்க்கு 4000-க்கு மேலிருந்தது. இங்கிலாந்து மருத்துவர் மூவர் 1952-இல் முதன்முதல் விரித்துரைத்த பூஞ்சை ஒவ்வாமை நோய் இது.

தூது நூல்களைப் பாடமாகப் பயிலும் எமக்கு, இந்நோயின் உள்ளியல்பைக் கேட்ட ஞான்று வியப்பே மிகுந்தது. வித்து சுவாசக் குழாயின் கோழையில் முளைத்து, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை உமிழ்கின்றது. குழாயின் உட்தோல் புண்பட்டு, இன்டர்லூக்கின் 33 முதலாய அபயக் குரல்களை விடுக்கின்றது. அவை கேட்ட வெள்ளணுக்கள் மூன்று தூதரைப் போக்குகின்றன. நான்காம் இன்டர்லூக்கின் ஐஜிஈயைப் பெருக்கும்; ஐந்தாவது, இயோசினோபில் என்னும் அணுக்களை எலும்பு மச்சையினின்று அழைத்து வரும்; பதின்மூன்றாவது கோழையைச் சுரப்பிக்கும். கோழை மிகவே பூஞ்சைக்கு உறைவிடம் பெருகும்; உறைவிடம் பெருகவே தூதும் ஓயாது. அன்னமுங் கிளியும் சொன்னதைச் சொல்லி மீளும், இத்தூதரோ மீள்வதறியார். குழாய்ச் சுவர் விரிந்து சிதைவது பெரும்பாலும் பூஞ்சை தின்றதனாலன்று. அதனை எதிர்க்கச் சென்ற படையினாலேயே.

தமக்கையார்க்கு பிரெட்னிசோலோன் கொடுத்தனர். அஃது எல்லாத் தூதரையும் ஒருங்கே அடக்க முயல்வது. முகம் பருத்தது, மூச்சு எளிதாயிற்று. குறித்த தூதனை மட்டுந் தடுக்கும் மருந்துகளும் உள. ஐந்தாம் இன்டர்லூக்கினைப் பற்றிக்கொள்ளும் மெப்போலிசுமாப் 2015-இல் அமெரிக்காவிற் கடும் ஈளைக்கு ஏற்கப்பெற்றது. டுப்பிலுமாப் என்பது நான்காவதும் பதின்மூன்றாவதும் புகும் வாயிலை அடைப்பது. இவற்றின் விலையோ எம் குடும்பத்தார் எண்ணிப் பார்க்குந் தரத்ததன்று. ஆதலின் பழைய மாத்திரையே தொடர்கின்றது. சென்ற மாதம் ஐஜிஈ அளவு பாதியாகக் குறைந்தது. தட்டுங் குவளையும் ஏனையவற்றோடு அலமாரிக்கு மீண்டன. மணப்பேச்சைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை.