வண்டிக்காரர் கட்டிய பணம்

ஆரல்வாய்மொழிச் சவுக்கையில், அதாவது சுங்கச் சாவடியில், எங்கள் பாட்டா பணம் கட்டிய கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நகைப்பெட்டியோடு திருநெல்வேலிக்குப் போய்வரும் வழியில் திருவிதாங்கூர் எல்லையில் மறித்தார்கள், கட்டினார். எதற்குக் கட்டினார், யாரிடம் கட்டினார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நானும் அதைப் பெரிதாக விசாரித்ததில்லை. 2025 செப்டம்பரில் அண்ணன் மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் அந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

அவள் மகளுக்கு அரங்கேற்றம். எங்கள் வடசேரியில் செய்யும் நாட்டிய நகைச் செட்டுதான் வேண்டும் என்று இணையத்தில் படம் பார்த்து, பணம் அனுப்பி, நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் எடுத்திருந்தாள். இங்கே பட்டறையில் நின்று பொதி கட்ட வைத்து அனுப்பியது நான்.

“சித்தப்பா, செட்டு வந்திருக்கு. ஆனா பணம் கட்டினாத்தான் தருவாங்களாம். அனுப்பும்போதே கூரியருக்குக் கொடுத்தோமே, இது என்ன பணம்?”

வடசேரியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: டிரம்ப் வரி. அது பொய்யில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்குக் கூடுதல் வரி 50 சதவீதமாக ஏறியது. 29ஆம் தேதி முதல் 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த விலக்கும் போனது. ஆனால் அவள் அனுப்பிய பில்லை நிதானமாகப் படித்தபோது எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சுங்கத்துக்கு உரிய தொகை ஓர் இனம். அதற்குக் கீழே, அந்தத் தொகையை முன்கூட்டிக் கட்டியதற்கென்று ஒரு கட்டணம். அதற்கும் கீழே, தாள் எழுதிச் சுங்கத்தில் காட்டியதற்கென்று இன்னொன்று. கடைசி இரண்டும் எந்த அரசுக்கும் போகிற காசில்லை. எல்லாவற்றையும் டிரம்ப் தலையில் கட்டிவிட்டால் இந்த இரண்டையும் யாரும் கேட்கப்போவதில்லை. இவை எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

எல்லையில் பணம் கட்டிய கதை வீட்டிலேயே இருந்ததால், முதலில் போனது பாட்டாவின் சவுக்கையின் பின்னால். நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் கையேட்டை (1906) எடுத்துப் புரட்டினால் பாட்டா கதை அங்கேயே முட்டிக்கொண்டது. திவான் மாதவராவ் காலத்தில், 1865இல், திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் இந்தியாவும் உடன்படிக்கை செய்து, எல்லை தாண்டும் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கத்தை எடுத்துவிட்டன. புகையிலை, உப்பு, அபின், சாராயம் போன்ற சிலதான் மிஞ்சின. பாட்டா பிறந்ததே அதற்கு வெகுகாலம் பின்பு. நகைக்கு அவர் எப்படிச் சுங்கம் கட்டியிருக்க முடியும்?

கனகமூலம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். கெம்பு பதிக்கிற வேலையில் கண் போகும்வரை இருந்தவர். பாட்டாவின் பட்டறையை அறிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் அவர்தான். போய் உட்கார்ந்து கேட்டேன்.

“நகைக்குத்தான் கெட்டினாரு. பின்ன சும்மாவா மறிச்சான்?”

1865 உடன்படிக்கையைச் சொன்னேன்.

“பொஸ்தகத்துல ஆயிரம் போடுவான் மக்கா. சவுக்கை அங்கன நின்னுது. எங்க அப்பன் பாத்திருக்காரு.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மறுபடி போனேன், வெள்ளித் தகட்டில் தங்கம் பொதிவது பற்றிப் பேசினார். இன்னொரு நாள் போனேன். அரக்கு இப்போதெல்லாம் சரியில்லை என்றார். சவுக்கை என்றாலே “அதான் சொன்னேம்லா” என்று வாயை மூடிக்கொள்வார். இந்த வழி இதோடு அடைந்தது என்றே நினைத்தேன். ஆனாலும் அவர் பேச்சில் இருந்த உறுதி என்னை விடவில்லை. பொய் சொல்கிறவர் இத்தனை நிச்சயமாகச் சொல்லமாட்டார்.

ஒருநாள் மருமகள் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் புகையிலையைக் கிள்ளி விரலில் பிடித்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்:

“இதுக்கும் கெட்டணும். போகும்போ நகை, வரும்போ போயிலை. உங்க பாட்டா எங்க கெட்டினாரு? வண்டிக்காரன் சவுக்கையில கெட்டிருவான். இங்க வந்து எறக்கும்போ வாங்குவான். கெட்டினதுக்கு மேல அவனுக்கும் உண்டும்லா.”

“மேல எவ்வளவு பாட்டா?”

“அவன் சொன்னதுதான் கணக்கு. அதுக்குத்தான் சண்டை.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுங்கம் நகைக்கு இல்லை, உடன்படிக்கையில் மிஞ்சிய புகையிலைக்கு. அண்ணன் மகளின் பில்லில் இருந்த இரண்டாவது இனம் அப்படியே வண்டிக்காரன் மேலே வாங்கிய இந்தக் காசுதான். நான் அரண்மனைக் கஜானாவில் தேடிக்கொண்டிருந்தேன். அது இருந்தது மாட்டுவண்டியில்.

அதன்பின் தூத்துக்குடியில் சுங்க முகவர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். கூரியர்க்காரர் பொதியை விமான நிலையத்தில் விடுவிக்க வாங்குபவர் பெயரில் தாமே வரியைக் கட்டிவிடுகிறார். அந்த முன்பணத்துக்கு, கட்டிய தொகையில் இத்தனை சதவீதம் அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு, எது கூடுதலோ அது என்று வாங்குகிறார் என விளக்கினார். சின்னப் பொதிக்காரருக்கு வலிப்பது அந்தக் குறைந்தபட்சத்தால்தான். இத்தனை காலம் அமெரிக்காவில் இருப்பவர்கள் இதை அறியாததற்கும் காரணம் உண்டு. வசூலிக்கும் செலவு வரியைவிடக் கூடுதலாகிவிடும் என்று 1938இல் 1 டாலரில் தொடங்கியதுதான் முன்பு சொன்ன அந்தச் சின்னப் பொதி விலக்கு. 1993இல் 200 டாலர், 2016இல் 800 டாலர் என்று வளர்ந்தது. வரி இல்லாத இடத்தில் முன்பணம் ஏது?

பில்லின் மூன்றாவது இனத்தைத் தேடும்போது என்னை நிறுத்திய செய்தி பழைய அஞ்சல் ஒப்பந்தங்களில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடுகள் கூடிப் பொதி அஞ்சலுக்கென்று ஒப்பந்தங்கள் செய்தன. முதலாவது 1880இல் பாரிஸில். பொதியை வீட்டில் கொண்டு சேர்க்கவும் சுங்க வேலையை முடிக்கவும் பெறுபவரிடம் ஒரு கட்டணம் வாங்கலாம், ஆனால் அது பொதிக்கு 25 சென்டைமுக்கு மேல் போகக்கூடாது என்று அவற்றில் எழுதிவைத்தார்கள். ஒரு பிராங்கில் கால் பங்கு. அதாவது, இந்தக் கூலி நியாயமானதுதான், அதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள். இன்றைய தனியார் கூரியரை அந்த வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. பெரியவர் சொன்ன கணக்குதான் நடக்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பொதிகளைப் பெரும்பாலும் நிறுத்திவைத்த நம் அஞ்சல் துறை, அக்டோபர் 15இல் மீண்டும் தொடங்கியது. அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தை அனுப்பும்போதே இங்கே வாங்கிக்கொண்டார்கள். இந்த வசதிக்கென்று தனிக் கட்டணம் எதுவும் வாங்கமாட்டோம் என்றும் அறிவித்தார்கள். வரி கசப்பானதுதான். ஆனால் வாசலில் வந்து நின்று கேட்கிற இரண்டாவது தொகை அதில் இல்லை.

வெளிநாட்டுக்கு நகை அனுப்பும் வடசேரிப் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்வது இது: அனுப்புமுன் வரியை யார் கட்டுவது, முன்பணக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதை வாங்குகிறவரிடம் விலையோடு சேர்த்தே சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் பில்லை இனம் இனமாகப் படியுங்கள். வரியைக் கட்டுங்கள், மற்றதற்குக் கணக்குக் கேளுங்கள். அந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு வைப்பது அரசுகளின் கடமை.