வண்டிக்கு ஒரு விண்ட்ஷீல்ட்

பெங்களூர்லேர்ந்து சேலத்துக்கு நம்ம மீட்டியார் 350-ல போறப்பல்லாம் கழுத்துவலிதான். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்குன்னு காலேஜ்ல படிச்சது, ஹைவேயிலதான் உறைச்சுது.

சரி, விண்ட்ஷீல்ட் மாட்டிடுவோம்னு கடைக்குப் போனேன். "இது மழைக்கு நல்லது சார்"னு ரொம்ப உயரமானதை நீட்டினார். மழை ராத்திரியில எதிர் லாரி வெளிச்சம் அதுல பட்டுச் சிதறினா ரோடே தெரியாதே! மேல் விளிம்பு மூக்கு மட்டத்துல நிக்கணும். பார்வை அதுக்கு மேலால போகணும். அப்படி ஒண்ணு, கழட்டி மாட்டுற மாதிரி எடுத்தேன். ஊருக்குள்ள வெயில்ல காத்து வேணும்ல!

போன வாரம் சேலத்துல இறங்கினதும் அம்மா கேட்டாங்க: "என்னடா, இந்தத் தடவை தைலம் கேக்கலை?"

குடுத்த காசு வசூல் :-)