ஒரு சிட்டிகை மணல்

மில் லாக்ஸ் ஏரியின்மேல் கார் ஓட்டுவதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். கரையோரத்து விடுதிக்காரர்கள் பனியை வழித்து ஏரியின்மேலேயே சாலை போட்டிருக்கிறார்கள். பனித்தளம் பிளந்து கிடக்கும் இடங்களில் தூக்கி வைத்துப் பிறகு எடுத்துவிடக்கூடிய பாலங்களும் உண்டு. அந்த உழைப்புக்கான கூலிதான் நாம் கொடுப்பது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸிலிருந்து 169-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஒனேமியாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் மரங்கள் விலகி, எதிர்க்கரையே கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளை வெளி வருகிறது. 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. ஆழமோ மிக அதிகமான இடத்திலும் 42 அடிதான். இவ்வளவு பெரிய ஏரி இவ்வளவு ஆழம் குறைவாக இருப்பதால்தான் சீக்கிரம் உறைந்துபோகிறது.

என் அண்ணன் மகன் மினியாபொலிஸில் வேலை பார்க்கிறான். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள், ஏரிக்குப் போகிறவர்கள் என்று அந்த ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். இவன் சமீபத்தில் இரண்டாம் கட்சிக்கு மாறியவன். அவனுடைய அலுவலக நண்பரின் மாமனார், காரிஸன் ஊருக்கு அருகே சிறு எஞ்சின்கள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். எங்களை ஏரிக்குள் கூட்டிப்போனவர் அவர்தான். இந்தக் கட்டுரையில் அவர் பட்டறைக்காரர்.

எனக்கு மீனைவிட அவருடைய வண்டியில் கிடந்த துளைப்பான் மேல்தான் கண். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு இது ஒரு வியாதி. போர்வெல் ரிக் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் எங்கே போனாலும், துளை போடும் எந்தச் சாமானைப் பார்த்தாலும், முதலில் குனிந்து அதன் முனையைப் பார்ப்பான்.

அங்கே அதை ஆகர் என்கிறார்கள். மேலே நாற்பது ஐம்பது சிசி எஞ்சின், இருபுறமும் கைப்பிடி, கீழே கியர் பெட்டி. அதிலிருந்து மூன்றரை அடி நீளத்துக்கு இரும்புத் திருகு இறங்குகிறது. அடியில் இரண்டு பிளேடுகள். எட்டு அங்குலம், பத்து அங்குலம் அகலத்துக்குத் துளை போடுபவைதான் அதிகம் புழங்குகின்றன. இது வருவதற்கு முன்னால் கடப்பாறைதான். கையால் சுற்றுகிற ஸ்வீடன் நாட்டு மோரா துளைப்பான்களை இன்றும் சிலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் வைத்தவற்றில் பழைய பேர் ஜிஃபி. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், ஷெபாய்கன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் செய்கிறார்கள். பட்டறைக்காரர் கையில் இருந்ததும் ஒரு ஜிஃபிதான். அவர் மகளுக்குத் திருமணம் ஆவதற்கு முன்பு வாங்கியதாம். பெயின்ட் போய்விட்டது. கைப்பிடியில் டேப் சுற்றியிருந்தது. பிளேடு மட்டும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

அவர் அதை உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. கயிற்றை மெதுவாக, எஞ்சின் தும்மக்கூட இடம் கொடுக்காமல், சில முறை இழுத்து விட்டார். மைனஸ் இருபது டிகிரியில் ரப்பர், கிரீஸ், எண்ணெய் எல்லாமே விறைத்துப் போயிருக்கும். எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் போகும். பிறகு பிரைமர் குமிழை அழுத்தி, சோக்கைப் போட்டு, ஓங்கி ஒரு இழுப்பு. நீலப்புகையோடு கிளம்பியது.

துளை போட இடம் பார்த்த விதம்தான் எனக்குப் புதிது. வண்டி நின்ற இடத்திலிருந்து முப்பது நாற்பது தப்படி தள்ளிப் போனார். பூட்ஸால் மேற்பனியைத் தள்ளி, குனிந்து கீழே பார்த்தார். மறுபடி இரண்டு அடி நகர்ந்தார். மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

“மீனுக்கு இல்லை. மணல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்றார்.

நெடுஞ்சாலையில் வழுக்காமல் இருக்க மணலும் உப்பும் தூவுகிறார்கள். அது சக்கரத்தின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு ஏரிக்குள் வந்து உதிர்கிறது. பனிக்கட்டி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பிளேடுக்கு அது மெத்தென்ற பண்டம்தான். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவையில், உருகுநிலையை ஒட்டிய பனிக்கட்டிக்கு 1.5தான், குளிர் ஏற ஏற இது கொஞ்சம் கூடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. சுத்தமான பனியில் நூற்றுக்கணக்கான துளை போட்டும் கூர் மழுங்காத பிளேடு, மணல் படிந்த ஒரே துளையில் வீணாகிவிடும். வண்டியின் பின்தட்டில் உறை போடாமல் நிறுத்தி வைத்தாலும் இதே கதிதான், அங்கேயும் மணல்தான் கிடக்கும். கரையோரத்தில், தண்ணீர் ஓரடி இரண்டடி மட்டுமே இருக்கும் இடத்தில், பனியைத் தாண்டிய வேகத்தில் திருகு ஏரியின் தரையைத் தொட்டுவிட்டாலும் முடிந்தது. மூன்றடிப் பனியைக் குடையும் இயந்திரத்தை ஒரு சிட்டிகை மணல் உட்கார வைத்துவிடுகிறது.

அன்றைக்கு எங்கள் காலடியில் இருபது அங்குலத்துக்கு மேல் பனி. மினசோட்டாவின் இயற்கை வளத் துறை சொல்கிற கணக்குப்படி தெளிந்த புதுப் பனி நான்கு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். நடுத்தர பிக்கப் டிரக்குக்கு 13 அங்குலம் வேண்டும். வெண்மையாக, காற்றுக்குமிழோடு இருக்கும் பனியை நம்பக்கூடாது, தடிமனை இரண்டு மடங்காக எதிர்பார்க்க வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இருந்தாலும் தூரத்தில் எங்கோ பனி முழங்குகிற சத்தம் கேட்டபோது என் கால் தானாகவே வண்டிப் பக்கம் திரும்பியது. “அது நல்ல சத்தம்தாங்க சித்தப்பா, பனி இறுகுது” என்றான் பையன். இருக்கலாம்.

பட்டறைக்காரர் ஆகரை நேராக நிறுத்தி விசையை அழுத்தினார். அழுத்தினார் என்பது விசையை மட்டும்தான். இயந்திரத்தின் மேல் உடம்பைச் சாய்க்கவேயில்லை. கூரான பிளேடு எஞ்சினின் எடையிலேயே இறங்கும். ஆள் சாய்ந்து அமுக்க வேண்டியிருந்தால் பிளேடு போய்விட்டது என்று அர்த்தம். அப்படி அமுக்கி அமுக்கி ஓட்டினால் அடுத்துப் போவது கிளட்ச், அதற்கடுத்து கியர். மாவு மாவாகப் பனி சுற்றிலும் குவிந்தது. கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, தண்ணீர் குபுக்கென்று மேலே வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகை மேலே இழுத்தார், துளைக்குள் இருந்த பனிக்கூழ் அதோடு வெளியே வந்து கொட்டியது. மிச்சத்தை நீளக்காம்பு ஜல்லிக்கரண்டியால் அள்ளிப் போட்டார்.

பிளேடுகளில் இரண்டு ஜாதி. சீவுகிற ஜாதி, கொத்துகிற ஜாதி. சீவுவது வளைந்த, சவரக்கத்தி மாதிரிக் கூரான பிளேடு. புதுப் பனியில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் நேற்று யாரோ போட்டு, இரவில் மறுபடி மூடிக்கொண்ட பழைய துளையில் அதை இறக்கினால் ஒரு பக்கம் கவ்வி, இயந்திரமே ஆளைச் சுழற்றப் பார்க்கும், மணிக்கட்டு பிசகும். கொத்துகிற பிளேடு மெதுவானது. பழைய துளை, அழுக்குப் பனி எல்லாவற்றையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பட்டறைக்காரரிடம் இருந்தது கொத்துகிற ஜாதி. வேகம் வேண்டாமா என்று கேட்டதற்கு, மீன் கடிக்க இரண்டு மணி நேரம் காத்திருக்கப் போகிறவன் துளையில் பத்து விநாடி மிச்சம் பிடித்து என்ன செய்வது என்றார். எனக்கும் அதே கட்சிதான்.

கொஞ்ச தூரத்தில் ஓர் இளைஞர் தன் ஆகரைத் தூக்கிப் பனியில் தடால் தடாலென்று குத்திக்கொண்டிருந்தார். ஒரு துளை முடிந்து அடுத்த துளைக்கு நடக்கும் நேரத்துக்குள், காற்றில் பிளேடின் மேல் கண்ணாடிபோல் ஒரு பனிப்படலம் படிந்துவிடுகிறது. அடுத்த இடத்தில் அது கடிக்காமல் வழுக்குகிறது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அல்லது ஒட்டிய பனியை உதிர்க்கிறேன் என்று இப்படிக் குத்துகிறார்கள். விளிம்பு உடையும், பிளேடு உட்காரும் தளம் ஒரு மயிரிழை வளைந்தாலும் கோணம் மாறிவிடும். அதற்குப் பிறகு புது பிளேடு போட்டாலும் வெட்டாது. பட்டறைக்காரர் செய்தது இவ்வளவுதான்: துளையை விட்டு வெளியே எடுத்ததும் ஒரு சுற்று வேகமாக ஓடவிட்டுத் தண்ணீரை உதறினார். அப்படியும் படலம் கட்டிய ஒருமுறை, முதல் துளைத் தண்ணீரிலேயே முனையைச் சற்று நேரம் முக்கி வைத்தார். மைனஸ் இருபதில் ஏரித் தண்ணீர்தான் சுற்றுவட்டாரத்திலேயே சூடான பொருள்.

துளைகளுக்கு மேலே கூடாரம் போட்டு, உள்ளே ஒரு சிறு ஹீட்டரைப் பற்ற வைத்தோம். பையனுக்கு இரக்க சுபாவம். “சித்தப்பா, மெஷினையும் உள்ள கொண்டாந்துரலாமுங்களா? வெளிய குளிர்ல கெடக்குது” என்று அதைத் தூக்கப்போனான். பட்டறைக்காரர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வெளியே சில்லிட்டுக் கிடந்த இரும்பைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் கார்புரேட்டரின் உள்ளே ஈரம் வியர்க்கும். மறுபடி வெளியே போனதும் அந்த ஈரம் உறைந்து பெட்ரோல் வழியை அடைக்கும். அதனால் எஞ்சின் ஆகர் குளிரிலேயே கிடக்க வேண்டும். உள்ளே வைத்து ஓட்டுவதோ அதைவிட மோசம், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். ஆனால் பையன் வாங்கியிருந்தது பேட்டரியில் ஓடுகிற புது ஆகர். அதற்குச் சட்டம் தலைகீழ். பேட்டரியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள் என்றார். குளிரில் லித்தியம் பேட்டரியின் தெம்பு குறைவது தற்காலிகம், சூடேறினால் திரும்பிவிடும். உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால்தான் நிரந்தரச் சேதம், லித்தியம் உலோகமாக உள்ளே படிந்துவிடும். வீட்டுக்குப் போனதும் பேட்டரி அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து சார்ஜ் போட வேண்டும். கோடையில் முழு சார்ஜிலும் வைக்கக்கூடாது, அடிவரை தீர்ந்தும் வைக்கக்கூடாது, பாதியளவு போதும்.

மீன் விஷயம் சுருக்கமாக. குளிர்காலத்தில் அங்கே ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். எங்கள் தூண்டில்களில் வால்ஐ மீன்கள் சில வந்தன. எதுவுமே வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட நீளத்துக்குள் வரவில்லை, திரும்ப விட்டுவிட்டோம். சாப்பிட்டது கொண்டுபோயிருந்த புளிசாதம்.

சாயங்காலம் பட்டறைக்குப் போனோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஆகர்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு அட்டை. நான் ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டு போனேன். கார்புரேட்டர். கார்புரேட்டர். பெட்ரோல் குழாய். கார்புரேட்டர். ஒன்றில் மட்டும் எலி என்று எழுதியிருந்தது. எஞ்சின் மூடிக்குள் கோடையில் குடும்பம் நடத்தியிருக்கிறது.

பனி அந்த இயந்திரங்களைக் கெடுக்கவில்லை. மூன்று மாதம் உழைத்துவிட்டு மிச்ச ஒன்பது மாதம் கார் நிறுத்தும் கொட்டகையில் சும்மா நின்றதுதான் கெடுத்தது. அமெரிக்க பெட்ரோலில் சாதாரணமாகப் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகும்போது தண்ணீரும் எத்தனாலும் தனியே பிரிந்து அடியில் தங்கும். மேலே இருக்கும் பெட்ரோலோ ஆவியாகி, கார்புரேட்டரின் ஊசித்துளைகளில் பிசினாகப் படியும். மினசோட்டாவில் இதற்காகவே எத்தனால் கலக்காத பெட்ரோலை பங்க்குகளில் தனிக் குழாயில் விற்கிறார்கள். படகு, பனிவண்டி, சிறு எஞ்சின், பழங்காலக் கார் இவற்றுக்குத்தான் அது என்று அங்கேயே எழுதிப் போட்டிருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். அதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் டிசம்பரில் பட்டறையில் செலவழிக்கிறார்கள்.

கடைகளில் ஆகர் விற்கும்போது சொல்லுகிற கணக்கெல்லாம் எத்தனை விநாடியில் எத்தனை அங்குலம், ஒரு சார்ஜில் எத்தனை துளை என்பதுதான். இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்துக்குள் பிரெய்னர்ட் ஊருக்கு அருகே கல் ஏரியில் ஜனவரியில் ஒரு பெரிய மீன்பிடிப் போட்டி நடக்கிறது. அதற்காகத் தன்னார்வலர்கள் முன்கூட்டியே போடும் துளைகள் சுமார் 20,000. அந்த வேலைக்குப் போய்வந்த ஓர் ஆகரைப் பட்டறைக்காரர் காட்டினார். பிளேடு மாற்றியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, இரண்டு குளிர்காலம்கூடப் பார்க்காத, ஸ்டிக்கர் உரியாத ஒன்று கார்புரேட்டர் முழுக்கப் பச்சைப் பிசினோடு நின்றது. எத்தனை உழைப்பைத் தாங்கும் என்பதை விளம்பரம் சொல்லும். எத்தனை ஓய்வைத் தாங்கும் என்று கேட்டு வாங்கியவர் யாரையும் அவர் பார்த்ததில்லையாம்.

பையன் தன் பேட்டரி ஆகரைப் பெருமையாக மேசைமேல் வைத்தான். இதில் கார்புரேட்டரே இல்லையே என்றான். பட்டறைக்காரர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நல்ல பொருள் என்று ஒப்புக்கொண்டார். பிளேடைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வை, ஈரத்தோடு உறையை மாட்டாதே என்றார். அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: இருபது வருஷம் கழித்து இந்த அளவு பேட்டரியை யார் விற்பார்கள்? அவருடைய ஜிஃபியில் இருப்பது டெகும்சே எஞ்சின். அந்த எஞ்சின்களின் உற்பத்தி 2008 கடைசியில் நின்றுபோனது. ஆனாலும் அதன் கார்புரேட்டருக்கான ரப்பர் சவ்வும் கேஸ்கெட்டும் இன்றும் தபாலில் வருகின்றன. பையனிடம் பதில் இல்லை. பேட்டரிகளின் வடிவத்தைப் பொதுவாக்கினால் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம், ஆனால் விற்கிறவர்களுக்கு அது பிடிக்காது.

மார்ச்சில் மீன்பிடிக் குடில்களை ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குடிலோடு ஆகரும் கரையேறும். அன்றைக்கே டேங்கை வடித்து, மிச்ச பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை ஒருமுறை மெதுவாக இழுத்துவிட்டால் போதும் என்றார். கால் மணி நேர வேலை. தெரியாதவர்கள் ஏப்ரலில் கொண்டுவந்தால் பாதிக் கூலிக்கே செய்து தருகிறாராம். சுவரில் அந்த அறிவிப்பு பல வருஷமாகத் தொங்கி மஞ்சளடித்துப் போயிருந்தது.

ஏப்ரலில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன்.

“மூன்று பேர்” என்றார். “அதில் ஒருவன் என் மைத்துனன். அவனிடம் நான் காசு வாங்குவதில்லை.”