இரண்டு ரூபாய் ரசீது

கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது துளசேந்திரபுரத்துப் பெண்கள் வாசலில் கோலம் போட்டுக் கொண்டாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர் கழுத்து முத்துமாலையை வெறும் நகை என்றே அன்று நினைத்தேன். அந்த முத்துகளுக்கு ஒரு கணக்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், எத்தெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வைத் தொடங்கினார். கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் சகோதரிச் சங்கம் அது, சொராரிட்டி என்பார்கள். அதன் சின்னம் ஐவி இலை, சுற்றிலும் 20 முத்துகள். நிறுவியவர்களாகச் சங்கம் எண்ணுவதும் இருபது பேரை. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு ஊசிக்குள் இருபது பெண்கள். கமலாவும் அந்தச் சங்கத்துப் பெண்தான்.

அடிமைமுறை ஒழிந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத காலம். எத்தெல் பிறகு பள்ளி ஆசிரியராக உழைத்து 1950இல் இறந்தார். இன்றும் அவரைப் பெயர் சொல்லி நினைக்கிறார்கள் என்றால், யாரோ படங்களையும் கடிதங்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள் என்று பொருள்.

வைத்தால் மட்டும் போதாது. அதே ஹோவர்டில் 1930இல் நூலகப் பொறுப்பேற்ற டோரத்தி போர்ட்டர், கறுப்பினத்தவரின் நூல்கள் எதைப் பற்றியதாக இருந்தாலும், கவிதையானாலும், டூயி பகுப்பில் 325, 326 என்ற எண்களில் திணிக்கப்படுவதைக் கண்டார். ஒன்று குடியேற்றம், மற்றொன்று அடிமைமுறை. அவர் அதை ஏற்காமல் பொருளுக்கும் ஆசிரியருக்கும் ஏற்பத் தாமே அடுக்கினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பேராசிரியை, நாங்கள் ‘அம்மா’ என்றழைத்தவர், எங்கள் விடுதியில் ஒரு மாணவியர் சங்கம் நடத்தினார். மாதம் இரண்டு ரூபாய். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவளுக்கு அதிலிருந்து போகும். யாருக்குப் போனது என்பது அம்மாவின் நோட்டுக்கு மட்டுமே தெரியும். அவர் இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய அண்ணன் மகன், “அக்கா, உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்குங்க” என்றான். முனைவர் பட்டம் வாங்கிய நான் எதை எடுத்தேன் தெரியுமா? சங்க இலக்கிய உரைநூல்களை. எந்தக் கடையிலும் கிடைப்பவை. கணக்கு நோட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றில் என் பெயரும் இருந்தது. இரண்டாம் ஆண்டில் என் கட்டணத்தைக் கட்டியது அந்த இரண்டு ரூபாய்கள்தான்.

எடுத்து வந்த உரைநூல் ஒன்றுக்குள் பக்கக் குறியாக ஒரு ரசீது இருந்தது, பச்சை மையில் அம்மாவின் கையெழுத்தோடு. அவர் நடத்திய சங்கத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி.

சென்ற மாதம் அதைக் கண்ணாடித்தாளில் போட்டு எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கொண்டுபோனேன். நூலகர் நல்லவர், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், இதை எதுல சேர்க்கறது? ‘இதர’ன்னு போட்டுடட்டுமா?”

“வேண்டாம்” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய பேனாவை வாங்கி, அம்மாவின் முழுப் பெயரையும் எழுதத் தொடங்கினேன்.